கோயிலுக்குக் கமரா போட அரசாங்கம் காசு தருதாம்!

புதுக்குடியிருப்பில் கோயில் திருப்பணி என்றால் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் தொலைபேசி அழைப்பு வராமல் இராது. அண்மைக்காலமாக அந்தப் பேச்சில் ஒரு புதுச் சங்கதியும் சேர்ந்திருக்கிறது. "இங்க கோயிலுக்குக் கமரா போட, வேலி அடிக்க அரசாங்கம் காசு தருது. நீங்களும் அங்க கேட்டுப் பாருங்கோவன்." சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவருக்கும் பாதிதான் தெரியும்.

நம்பிக்கை: விண்ணப்பித்தால் காசு கைக்கு வரும்.

அமெரிக்காவில் 2005 முதல் நடக்கும் திட்டத்தில், முதலில் நிறுவனம் தன் காசைச் செலவழித்துப் பற்றுச்சீட்டைக் கொடுக்க வேண்டும். பிறகுதான் அரசு அதைத் திருப்பித் தரும். 2024இல் ஓர் இடத்துக்கு உச்சவரம்பு 2 லட்சம் டொலர். கனடாவில் 2007இல் தொடங்கிய திட்டம் செலவில் பாதியை மட்டுமே ஏற்றது. 2024இல் அதன் இடத்துக்கு வந்த திட்டம் 70 வீதம் வரை ஏற்கிறது. மிச்சம் அடியார்களின் பொறுப்பு. பிரித்தானியாவில் காசு கண்ணில் படுவதே இல்லை. உள்துறை அமைச்சு நியமித்த நிறுவனம் வந்து பொருத்திவிட்டுப் போகும். எந்த நாடானாலும், அனுமதி வருமுன்னே அவசரப்பட்டுக் கமரா பூட்டிவிட்டுப் பில்லை நீட்டினால் ஒரு சதமும் பெயராது.

நம்பிக்கை: உண்டியல் களவு போகும் கோயில் எல்லாவற்றுக்கும் கிடைக்கும்.

களவு வேறு, வெறுப்பு வேறு. இந்தப் பணம் இனத்துக்காகவோ மதத்துக்காகவோ குறிவைக்கப்படும் இடங்களுக்கானது. யூதர்களுக்கு மட்டுமானதும் அல்ல; கோயில், பள்ளிவாசல், குருத்வாரா, சமூக நிலையம் என எதுவும் கேட்கலாம். 2012இல் விஸ்கொன்சின் ஓக் கிரீக் குருத்வாராவில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 2017இல் கியூபெக் பள்ளிவாசலில் 6 பேரும், 2018இல் பிற்ஸ்பேர்க் யூத ஆலயத்தில் 11 பேரும் கொல்லப்பட்டார்கள். ஆபத்து யாரைத் தேடி வரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

விண்ணப்பத்தில் "உங்களுக்கு என்ன ஆபத்து?" என்ற கேள்விக்குத்தான் எடை அதிகம். சுவரில் எழுதிய வசை, மிரட்டல் கடிதம், உடைந்த கண்ணாடி, இவற்றுக்கான பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம் என்று எல்லாம் எழுத்தில் இருந்தால் நல்லது. "பொலிசிட்டப் போய் என்ன வரப்போகுது" என்று ஊரில் பழகிய வாய் அங்கேயும் அதையே சொல்லும். அந்தப் பழக்கத்தின் காரணம் எனக்கு விளங்கும். ஆனால் முறைப்பாடு இல்லாத கோயில் அதிகாரியின் மேசையில் ஆபத்தில்லாத கோயில்.

நம்பிக்கை: கமரா இருந்தால் பாதுகாப்பு.

2022 ஜனவரியில் ரெக்சாஸ் மாநிலத்துக் கொலிவில் யூத ஆலயத்தில், துப்பாக்கியோடு வந்த ஒருவன் நான்கு பேரைப் பிணை பிடித்தான். ஒருவரை இடையில் விட்டான். சுமார் 11 மணித்தியாலத்தின் பின், மதகுரு கதிரையைத் தூக்கி அவன்மேல் எறிந்துவிட்டு மற்ற இருவரோடும் ஓடித் தப்பினார். தங்களைக் காப்பாற்றியது முன்பு எடுத்த பாதுகாப்புப் பயிற்சிதான் என்று பிறகு சொன்னார். மானியத்தில் பயிற்சிக்கும் கேட்கலாம்; நம்மவர்கள் பலர் கமராவோடு நிறுத்திவிடுகிறார்கள்.

கருவியோ அடையாளமோ மட்டும் காவல் ஆகாது என்பதைப் புதுக்குடியிருப்புக்காரருக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எங்கே இருக்கிறது என்ற ஆள்கூறுகள் இராணுவத்துக்கு நன்றாகத் தெரியும், வைத்தியசாலைச் சின்னமும் தெளிவாக இருந்தது என்கிறது ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் கொடுத்த அறிக்கை. 2009 ஜனவரி 29 முதல் பெப்ரவரி 4 வரையான அந்த ஒரு வாரத்தில் குறைந்தது ஒன்பது தடவை அதன்மேல் நேரடியாக எறிகணை விழுந்தது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. நோயாளர்களைப் புதுமாத்தளனுக்குக் கொண்டுபோனார்கள். மருத்துவமனையின் இடம் தெரிந்திருப்பதே காவல் என்று நம்பியிருந்த காலம் அது.

நம்பிக்கை: இலங்கையிலும் இப்படி ஒரு திட்டம் உண்டு, பிரதேச செயலகத்தில் கேட்டால் தருவார்கள்.

கனடாவில் இருப்பதுபோல் ஒன்று இங்கே இல்லை. இந்து சமய, கலாசார அலுவல்கள் திணைக்களம் தருவது புனரமைப்புக்கான உதவி. 2018ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த இழப்பீட்டு அலுவலகம், பெயரே சொல்வதுபோல், இழந்த பிறகு. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் உட்பட மூன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 260 பேருக்கு மேல் பலியானபின், வாசல்களில் படையினர் நின்றார்கள், பைகள் சோதிக்கப்பட்டன. ஆனால் அந்தத் தாக்குதலில் தவறியது கமராவா? இந்தியாவிலிருந்து ஏப்ரல் 4ஆம் திகதியே எச்சரிக்கை வந்திருந்தது. அதை வைத்து நடவடிக்கை எடுக்காததற்காகத்தான் உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12ஆம் திகதி, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபா இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்த்தது.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வவுனியா வடக்கு வெடுக்குநாறிமலைக் கோயிலில் 2023 மார்ச்சில் விக்கிரகங்கள் உடைத்தெறியப்பட்டன. அடுத்த ஆண்டு சிவராத்திரிக்குப் போன பக்தர்களைப் பொலிசாரே கைது செய்தார்கள். அந்த மலையில் கமரா பூட்டினால் பதிவைப் பார்க்கப்போவது யார்?

நம்பிக்கை: அங்கே கிடைக்கும் மானியத்தில் ஊர்க் கோயிலுக்கும் ஒரு பங்கு அனுப்பலாம்.

கூடவே கூடாது. விண்ணப்பத்தில் எந்த முகவரி இருக்கிறதோ, செலவும் அந்த முகவரியில்தான். கணக்காய்வில் பிடிபட்டால் காசைத் திருப்பிக் கட்டுவதோடு அடுத்த விண்ணப்பமும் போச்சு. ஊருக்கு அனுப்ப விரும்பினால் தனியாக நிதி சேர்த்து, தனிப் பற்றுச்சீட்டுப் போட்டு அனுப்பட்டும். அப்படிச் சேரும் காசில் முதலில் கோயில் வீதிக்கு இரண்டு மின்விளக்கு என்று இங்குள்ள சபை கேட்டால், கமராவை விட அது விரைவில் வந்து சேரும்.