விஸ்ஸஹிக்கன் கரையில் ஒரு பெட்டி

சிரஞ்சீவி சந்திராவுக்குப் பெரியப்பாவின் அநேக ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. பிலடெல்பியா நகரத்துக்குள்ளேயே காடாக விரிந்து கிடக்கும் விஸ்ஸஹிக்கன் ஓடைக்கரையில், அட்சரேகை, தீர்க்கரேகைக் குறிப்புகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, யாரோ ஒளித்துவைத்த பெட்டிகளைத் தேடிப் பிடிக்கும் ஜியோகேஷிங் விளையாட்டில் நீ ஈடுபட்டிருப்பதையும், ஒரே பகலில் பல பெட்டிகளைக் கண்டெடுத்ததையும், இனி நீயே அங்கே ஒரு பெட்டி வைக்க விரும்புவதையும் அறிந்து மிகவும் சந்தோஷப்பட்டேன். அந்தப் பள்ளத்தாக்கின் பாதைகளில் நெடுங்காலம் நடந்து பழகியவன் என்ற உரிமையில் சில விஷயங்களைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

முதலில் இந்த விளையாட்டு பிறந்த கதை. சாதாரண ஜனங்களின் ஜிபிஎஸ் கருவிகளுக்கு வரும் சமிக்ஞையில், ராணுவக் காரணங்களுக்காக அமெரிக்க அரசாங்கம் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கிவிட்டது. அதுவரை 100 மீட்டர் வரை தடுமாறிய கருவி, சில மீட்டருக்குள் இடத்தைச் சுட்டலாயிற்று. உடனே, மே 3-ஆம் தேதியன்று, டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்துக் காட்டோரத்தில் ஒரு வாளியை வைத்து, அதன் இருப்பிடத்தை எண்களாக வெளியிட்டார். உள்ளிருந்து ஏதாவது எடுத்தால் பதிலுக்கு ஏதாவது வைக்க வேண்டும், அங்கிருக்கும் ஏட்டில் எழுத வேண்டும் என்பதே நியமம். எண்களைக் கொடுத்த அவர், வருகிறவர் அந்த இடத்தில் எதைக் காண வேண்டும் என்று சொல்லவில்லை. முதல் முயற்சிக்கு அது போதும். ஆனால் விஸ்ஸஹிக்கனைப் போன்ற ஒரு ஸ்தலத்தில் அது போதாது என்பது என் திடமான அபிப்பிராயம். கருவி ஒருவரை ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். அங்கே யார் வாழ்ந்தார்கள், என்ன நடந்தது என்பதைச் சொல்லும் கடமை பெட்டியை வைக்கிறவருடையது.

அந்தக் காட்டை முதன்முதலில் பார்க்கிறவர்கள், மனிதன் கை படாத ஆதிவனம் என்றே நினைத்துவிடுகிறார்கள். ஆனால் அந்த ஓடையில் வந்து சேரும் மனோஷோன் என்ற சிற்றோடையின் கரையில்தான் 1690-இல் வில்லியம் ரிட்டன்ஹவுஸும் கூட்டாளிகளும், கிழிந்த நார்த்துணியைக் கூழாக்கிக் காகிதம் செய்யும் ஆலையை நிறுவினார்கள். வட அமெரிக்காவில் ஆங்கிலேயரின் குடியேற்றங்களில் அதுவே முதல் காகித ஆலை. பிற்காலத்தில் மாவரைப்பதற்கும் மரமறுப்பதற்கும் நூல் நூற்பதற்குமாக அந்தப் பள்ளத்தாக்கில் 50-க்கும் மேற்பட்ட ஆலைகள் அடுத்தடுத்து எழும்பி, ஓடையின் விசையையெல்லாம் உண்டு, கழிவையெல்லாம் அதிலேயே விட்டன. அந்த ஓடை கலக்கும் ஸ்கூல்கில் நதியின் நீரைத்தான் நகரம் குடித்து வந்தது. எனவே, குடிநீரைக் காப்பாற்றும் பொருட்டு, 1868-இல் ஒரு சட்டத்தின் மூலம் பள்ளத்தாக்கு பேர்மவுண்ட் பூங்காவோடு சேர்க்கப்பட்டது. ஆலைகள் வாங்கப்பட்டு, படிப்படியாக இடிக்கப்பட்டன. 1920-களில் கரையோரச் சாலையில் மோட்டார் வண்டிகளும் தடுக்கப்பட்டன. சுமார் 5 மைல் நீளமுள்ள அந்தச் சாலைக்கு ஃபார்பிடன் டிரைவ், அதாவது தடைசெய்யப்பட்ட சாலை, என்ற பெயர் வந்த காரணம் அதுதான். ஆகவே நீ இன்று நிழலுக்காக ஒதுங்கும் மரங்களில் பல, ஆலைகள் ஒழிந்த பிறகு மண்ணை மீட்டுக்கொண்டு வளர்ந்தவை.

இதை உன் பெட்டியால் சொல்ல முடியும். பிலடெல்பியாவில் எஞ்சியிருக்கும் ஒரே கூரைப் பாலமான, 1855-இல் கட்டிய தாமஸ் மில் பாலத்துக்குப் போ. பெயர் கொடுத்த ஆலை மறைந்துபோயிற்று. பாலம் மட்டும் சிவப்பு வண்ணம் பூசி நிற்கிறது. பெட்டியைப் பாலத்தில் வைத்துவிடாதே. தேடுகிறவர்கள் பழைய கட்டடத்தை நோண்டக்கூடாது. அதற்குப் பதிலாக, பல கட்டங்களாகத் தேடும் வகையை அமைத்து, பாலத்தின் ஆண்டிலிருந்து சில இலக்கங்களையும், ரிட்டன்ஹவுஸ் ஆலையின் ஆண்டிலிருந்து சிலவற்றையும் எடுத்தால்தான் கடைசி இடத்தின் எண்கள் கிடைக்கும்படி செய். அப்போது தேடுகிறவர் சரித்திரத்தைப் படித்தே தீரவேண்டும்.

சரித்திரம் எழுதும்போது கட்டுக்கதையைச் சரித்திரமாக எழுதிவிடாதே. இதை அழுத்திச் சொல்கிறேன். அமெரிக்கச் சுதந்திரப் போரில் மாம் ரிங்கர் என்ற மூதாட்டி அங்குள்ள ஒரு பாறை உச்சியில் அமர்ந்து நூல் பின்னுவதுபோல் பாவனை செய்து, நூலுருண்டைக்குள் செய்தியை வைத்துக் கீழே உருட்டி வாஷிங்டனின் ஆட்களுக்கு அனுப்பினாள் என்பார்கள். ஒளித்துவைத்த செய்தியைத் தேடும் உங்கள் விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கதை அமையாது. ஆனாலும் அது கர்ணபரம்பரைச் செய்தி, அப்படியே சொல். அடுத்து, இந்தியன் ராக் என்ற பாறையின் மேல் மண்டியிட்டிருக்கும், அங்கத்திய பூர்வகுடிகளான லெனாபியரின் தலைவர் டெடியூஸ்கங்கின் பெயரால் அழைக்கப்படும் 1902-ஆம் ஆண்டுச் சிலையைப் பார். சிற்பி ஜான் மாஸி ரைண்ட் அதற்கு அணிவித்த இறகு மகுடம் மேற்கே சமவெளியில் வாழ்ந்த மக்களுக்கு உரியது, லெனாபியருக்கு உரியதன்று. அந்த மண்ணின் மக்களைப் பற்றிய ஒரு பிழையைக் கல்லிலே நிரந்தரமாக்கி வைத்திருக்கிறார்கள். உன் குறிப்பில் இதைச் சொல்லாமல் விடுவது அவர்களுக்கு இரண்டாவது அநியாயம்.

இனி காரியத்துக்கு வருவோம். பள்ளத்தாக்கின் செங்குத்துச் சரிவுகளிலும் அடர்ந்த இலைகளிலும் பட்டுச் சமிக்ஞை சிதறும். கருவி பத்தடி இப்புறமும் அப்புறமும் ஆட்டங்காட்டும். எனவே இடத்தைப் பல நேரங்களில் அளந்து சராசரியை எடுத்துக்கொள். அளக்கும்போது அங்கே கிடக்கும் ஈரமான கல்லொன்றைக் கையிலெடுத்துப் பார்த்தால் அப்பிரகத் துகள்கள் மினுங்குவதையும், சிலவற்றில் கருஞ்சிவப்புக் கார்னெட் மணிகள் கடுகளவில் புதைந்திருப்பதையும் காண்பாய். வருகிறவர்களையும் அப்படிப் பார்க்கச் சொல். மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. தின்பண்டம் வைக்கக் கூடாது; ரக்கூன்கள் கடித்துக் குதறிவிடும். தேடுகிறவர்களைப் பாதையை விட்டு நெடுந்தூரம் இழுக்காதே. மிதித்த சரிவில் மண் அரித்துப் போகும். மூன்று மூன்றாக இலை விடும் நஞ்சுக் கொடியைத் தொடாதே. வீடு திரும்பியதும் உண்ணி ஏறியிருக்கிறதா என்று முழங்கால் மடிப்பிலும் மயிர்க்காலிலும் தடவிப் பார். பூங்காவை நிர்வகிப்பவர்களிடம் அனுமதி பெறாமல் எதையும் வைக்காதே.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஓடையின் சீற்றத்தை மறந்துவிடாதே. சுற்றிலும் கூரைகளும் சாலைகளும் பெருகிவிட்டதால், பெருமழை பெய்தால் நீர் விரைந்து ஏறிவிடுகிறது. கரையோரக் கிளைகளில் எந்த உயரம் வரை சருகும் குப்பையும் சிக்கிக் கிடக்கின்றன என்று பார்த்து, அதற்கு மேலேயே இடம் தேடு. ரிட்டன்ஹவுஸின் முதல் ஆலையையே வெள்ளம் வாரிக்கொண்டு போயிற்று. ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் போய்ப் பார்த்து, நனைந்த ஏட்டை மாற்றி, உடைந்த மூடியை அப்புறப்படுத்த உன்னால் முடியுமா என்று யோசித்துக்கொள். முடியுமென்றால் குறிப்பை எழுதி எனக்கு அனுப்பு. ஆண்டுகளைச் சரிபார்த்துத் திருப்பி அனுப்புகிறேன்.

இங்ஙனம்,
உன் பெரியப்பா