சின்னக் கைக்கு மல்டி டூல்: கொடுக்கலாமா?

மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கும். விரித்தால் குறடு, கத்தரி, ஸ்க்ரூடிரைவர் எல்லாம் எட்டிப் பார்க்கும். குழந்தைகளுக்கென்றே விற்கப்படும் மல்டி டூலை வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் வயதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

அமெரிக்காவின் லெதர்மேன் நிறுவனம் 2014-இல் ‘லீப்’ என்ற சிறுவர் கருவியைக் கொண்டுவந்தது. அதன் கத்தி தனியாக வந்தது. பிள்ளைக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று பெற்றோருக்குத் தோன்றும்போது பொருத்திக்கொள்ள முடிந்தது. நல்ல யோசனைதான். ஆனால் ரம்பம் மட்டும் முதல் நாளிலிருந்தே கூட இருந்தது! சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ், சிறுவர் கத்தியின் முனையை வட்டமாக்கிவிட்டது. அது குத்தாது, ஆனால் வெட்டும்.

கடையில் முதலில் பார்க்க வேண்டியது லாக். விரித்த கத்தி அசையாமல் நிற்காவிட்டால், அழுத்தும்போது மடங்கி விரலைப் பதம் பார்த்துவிடும். மலிவான போலிகளில் இந்த ஆபத்து அதிகம். பிள்ளையையும் அழைத்துப் போய், அதன் கையாலேயே திறந்து மூடச் சொல்லுங்கள். திணறினால் வேண்டாம்.

உட்கார்ந்தபடி, உடம்புக்கு எதிர்ப்புறமாக வெட்டப் பழக்குங்கள். கையை நீட்டிச் சுற்றினால் எட்டும் தூரத்துக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது; சாரணர்களுக்குச் சொல்லித்தரும் பாடம் இது. சைக்கிள் திருகு, ஆடும் நாற்காலி என்று நிஜமான வேலை கொடுங்கள். பிளக் பாயிண்ட் பக்கம் மட்டும் கூடவே கூடாது. பள்ளிப் பையிலும் விமானக் கைப்பையிலும் இதை வைக்க வேண்டாம்.

சின்னக் குழந்தையா? மழுங்கிய கத்தரியும் ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவரும் இப்போதைக்குப் போதும்.