மனு கொடுக்க மொழி தடையா?

கேள்வி: தங்கச் சுரங்கத்தில் உழைத்த என் அப்பாவுக்கு 70 வயது. கன்னடம் எழுதப் படிக்கத் தெரியாது. முதியோர் உதவித்தொகை கிடைக்குமா?
– வாசகி, ஆண்டர்சன்பேட்டை, கோலார் தங்கவயல்

பதில்: 65 வயதைத் தாண்டிய ஏழைகளுக்குக் கர்நாடக அரசின் 'சந்தியா சுரக்ஷா' திட்டம் இருக்கிறது. அப்பாவுக்கு வேறு ஓய்வூதியம் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் இது கிடைக்காது. இல்லையென்றால் ஆதார், வருமானச் சான்று, வங்கிப் புத்தகத்தோடு நாடகச்சேரிக்கு (வருவாய்த் துறையின் உள்ளூர் அலுவலகம்) போங்கள். ஓர் ஆவணத்தில் முன்னெழுத்து, இன்னொன்றில் அப்பா பெயர் என்று இருந்தால் அதை முன்கூட்டியே திருத்திக்கொள்ளுங்கள். நம்மவர்கள் பலர் அலைவது இதனால்தான்.

படிவத்தைக் கன்னடம் தெரிந்தவர் நிரப்பலாம். ஆனால் மனு மறுக்கப்பட்டால், முறையீட்டை அப்பா தமிழிலேயே எழுதலாம். மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் குறைகளை முறையிட அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு உரிமை தருகிறது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடியபோது வேலை போனது. மொழி தெரியாததால் முதுமைக்கால உதவியும் போவதை ஏற்கவே முடியாது. கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.