இரண்டாவது கையெழுத்து

டொரொன்டோவில் ஹாக்கி வீரர்களுக்காகப் பேரம் பேசும் முகவர் அலுவலகம் ஒன்றில் ஒப்பந்தக் கணக்கு போடுவது என் வேலை. அணியின் ஜெனரல் மேனேஜருடன் பேசுபவர் முகவர். அவர் கையிலிருக்கும் தாள்களைத் தயாரிப்பவன் நான். வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல்லில் கால் வைத்து இரண்டு மூன்று பருவம் ஆடி முடித்த இளம் ஃபார்வர்டுகளின், அதாவது தாக்குதல் வீரர்களின், கோப்புகள்தான் என்னிடம் அதிகம் வரும். அந்தக் கோப்புகளோடு புழங்கியதில் உறுதியாக நம்புவது இது: முதல் ஒப்பந்தம் கிடைத்த நாளில் வீடே கொண்டாடும், ஆனால் ஆட்டக்காரனின் வாழ்நாள் வருமானம் பெரும்பாலும் இரண்டாவது ஒப்பந்தத்தில்தான் முடிவாகிறது. அதற்கான தயாரிப்பை முதல் ஒப்பந்தத்தின் மை காய்வதற்குள் தொடங்கிவிட வேண்டும்.

முதல் ஒப்பந்தத்தில் பேசுவதற்கு அதிகம் இல்லை. பதினெட்டு முதல் இருபத்தொரு வயதுக்குள் கையெழுத்திட்டால் மூன்று ஆண்டு. அது விதி, யாராலும் மாற்ற முடியாது. சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் 2024, 2025இல் எடுக்கப்பட்டவர்களுக்கு ஆண்டுக்கு 975,000 அமெரிக்க டாலர். கனடிய அணிகளும் அமெரிக்க டாலரில்தான் கொடுக்கின்றன. அதில் பத்தில் ஒரு பங்கைக் கையெழுத்துப் போனஸாகக் கேட்கலாம். கீழ்நிலை லீகான ஏஎச்எல்லுக்கு அனுப்பினால் என்ன சம்பளம் என்பதைப் பேசலாம். எஞ்சியது ஆட்டத்திறன் போனஸ். ஃபார்வர்டுக்கு 20 கோல், 35 அசிஸ்ட், இரண்டும் சேர்த்து 60 புள்ளி போன்ற இலக்குகள் உண்டு. இவற்றை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருக்க வேண்டும். எழுதாத இலக்கை எட்டினாலும் காசு வராது. சில அணிகள் இந்த போனஸ்களைத் தர மறுக்கும், அல்லது டிராஃப்ட்டில் பின்னால் எடுத்த பையனுக்குக் கொஞ்சமாகத் தரும். அங்கே அழுத்திப் பேசுங்கள். வேறெதற்கும் மல்லுக்கட்டத் தேவையில்லை.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒரு பருவத்தில் பத்து ஆட்டத்துக்குக் குறைவாக ஆடினால் ஒப்பந்தம் ஓர் ஆண்டு தள்ளிப்போகும். அதனால்தான் ஒன்பது ஆட்டம் ஆடவிட்டு ஜூனியர் லீகுக்குத் திருப்பி அனுப்பும் பழக்கம் அணிகளுக்கு இருக்கிறது. பையன் மனம் உடைந்துபோவான். அவனுடைய திறமையைப் பற்றிய தீர்ப்பாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்போம்.

மூன்று ஆண்டு முடிந்ததும் உண்மையான பேச்சு தொடங்குகிறது. அந்த இடத்தில் அணியின் கை மிகவும் ஓங்கியிருக்கும். ஜூன் இறுதிக்குள் ஒரு குறைந்தபட்சச் சலுகையை அனுப்பிவிட்டால் போதும், வீரன் மேலான உரிமை அணியிடமே நிற்கும். இருபது வயதுக்குள் கையெழுத்திட்டவருக்கு நான்கு ஆண்டு அனுபவம் இருந்தால்தான் சம்பளத்தைத் தீர்மானிக்க நடுவரிடம் போகும் உரிமை வரும்; மூன்றாண்டு முடித்தவருக்குப் பொதுவாக அது இல்லை. எந்த அணிக்கும் போகும் முழுச் சுதந்திரம் 27 வயதில், அல்லது ஏழு பருவம் ஆடிய பிறகு. அதற்கு முன் வேறு அணி ஆஃபர் ஷீட் என்ற ஒப்பந்தச் சலுகையை அனுப்பலாம், ஆனால் பழைய அணிக்கு ஏழு நாள் அவகாசம் உண்டு. அதே தொகையைக் கொடுத்துத் தக்கவைத்துக்கொள்ளலாம். 2019 ஜூலையில் மான்ட்ரியால் அணி கரோலினாவின் செபாஸ்டியன் ஆஹோவுக்கு ஐந்தாண்டுக்கு 42 மில்லியன் டாலருக்கு மேல் எழுதிக்கொடுத்தது. முதல் ஓராண்டுக்குள் சுமார் 21 மில்லியன் போனஸாகவே போகும்படி கட்டினார்கள், கரோலினா தடுமாறட்டும் என்று. கரோலினா தடுமாறவில்லை, பணத்தைக் கட்டிவிட்டது. மின்னசோட்டாவின் கிரில் கப்ரிசோவுக்கு 2021இல் அந்த வழிகூட இல்லை. என்எச்எல் அனுபவம் போதாததால் வேறு அணிகள் அவரை அணுகவே முடியாது.

அப்படியானால் வீரன் கையில் இருப்பது என்ன? ஆடாமல் இருப்பது. அதற்கும் கெடு உண்டு: டிசம்பர் 1 மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்திடாவிட்டால் அந்தப் பருவம் முழுக்க என்எச்எல்லில் ஆட முடியாது. 2018இல் டொரொன்டோவின் வில்லியம் நைலாண்டர் கடைசி நிமிடம் வரை கையெழுத்திடாமல் நின்றார். ஆறு ஆண்டுக்கு, ஆண்டு சராசரி சுமார் 6.96 மில்லியன் கிடைத்தது. முந்தைய இரு பருவங்களிலும் 61 புள்ளி எடுத்தவர், அந்த ஆண்டு 54 ஆட்டத்தில் 27 புள்ளியும் ஏழு கோலும் மட்டுமே எடுத்தார். பயிற்சி முகாமைத் தவறவிட்ட ஃபார்வர்டின் கால்கள் பிப்ரவரி வரை சரியாவதில்லை. ஊர் முழுக்க அவரைத் திட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் 2024 ஜனவரியில் அதே அணி அவருக்கு எட்டு ஆண்டுக்கு 92 மில்லியன் கொடுத்தது. நின்றதில் தவறில்லை என்பதே என் முடிவு. ஆனாலும் எங்கள் பையன்களுக்கு நான் சொல்வது: முகாம் தொடங்குவதற்கு முன் முடிப்பதற்கு எல்லா முயற்சியும் செய்துவிட்டு, பிறகு நில்லுங்கள்.

இனி என் தாள். முதல் சந்திப்பில் குடும்பத்தார் முன் வைப்பது ஒரே ஒரு பக்கம்தான். இடப்பக்கம் பையனின் பெயர், அதன் கீழே அவனைப் போன்ற ஆறேழு வீரர்கள். ஒவ்வொருவருக்கும் கையெழுத்திட்டபோது வயது, ஆடிய ஆட்டம், ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி, எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் பவர்பிளேயில் எத்தனை நிமிடம், ஒப்பந்தம் எத்தனை ஆண்டு. கடைசிப் பத்தியில் டாலர் இருக்காது; ஓர் அணி சம்பளத்துக்கு மொத்தமாகச் செலவிடக்கூடிய உச்சவரம்பில் அந்தத் தொகை எத்தனை சதவீதம் என்பது இருக்கும். எல்லோரும் முதலில் டாலரைத் தேடுவார்கள். ஒரு தாய் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தொகையை எங்கே எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். ஜேக் ஹியூஸ் வரியைக் காட்டினேன். 2021 நவம்பரில் நியூ ஜெர்சி அவருக்கு எட்டு ஆண்டுக்கு 64 மில்லியன் கொடுத்தது. ஆண்டுக்கு 8 மில்லியன். 2022-23இன் உச்சவரம்பான 82.5 மில்லியனில் சுமார் 9.7 சதவீதம். அதே சதவீதம் 104 மில்லியன் உச்சவரம்பில் பத்து மில்லியனைத் தாண்டுகிறது. "அப்படியென்றால் அவனைப் போலவே இவனுக்கும் எட்டு என்றால் நமக்கு நஷ்டமா?" என்றார் அந்த அம்மா. ஆமாம், நஷ்டம்தான். பழைய டாலரை வைத்துப் பேரம் பேச வருகிற அணிக்கு இந்தச் சதவீதப் பத்தி பிடிக்காது.

உச்சவரம்பு எங்கே போகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் ஆண்டுக்கணக்கைப் பேசக் கூடாது. பெருந்தொற்றுக் காலத்தில் அது 81.5 மில்லியனிலேயே நின்றுவிட்டது. 2024-25இல் 88, 2025-26இல் 95.5, அடுத்து 104, அதற்கடுத்து 113.5 என்று லீகும் வீரர் சங்கமும் முன்கூட்டியே அறிவித்தன. இந்த ஏறுமுகத்தில் எட்டு ஆண்டுக்கு விலையைப் பூட்டிக்கொள்வது அணிக்கே லாபம். ஹியூஸ் கையெழுத்திட்டதற்கு அடுத்த பருவம், 2022-23இல், 99 புள்ளி எடுத்தார். அணி அதே எட்டு மில்லியனைக் கொடுத்தது. பஃபலோவின் டேஜ் தாம்சன் ஒரே ஒரு நல்ல பருவத்தை, 38 கோலை, வைத்து 2022 ஆகஸ்டில் ஏழு ஆண்டுக்கு 50 மில்லியன் வாங்கினார். அவசரப்பட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்றார்கள். அடுத்த பருவமே 47 கோல். கப்ரிசோவ் 2021இல் ஐந்தாண்டுக்கு 45 மில்லியனோடு நிறுத்திக்கொண்டார். 2025 செப்டம்பரில் அவர் போட்ட புதிய ஒப்பந்தம் எட்டு ஆண்டுக்கு 136 மில்லியன், அதுவரை லீகின் வரலாற்றிலேயே பெரியது.

இதை வைத்து எல்லோரும் குறுகிய ஒப்பந்தம் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இடுப்பு அறுவைச் சிகிச்சை செய்த பையனுக்கு, இரண்டு முறை தலையில் அடிபட்டவனுக்கு, நீண்ட ஒப்பந்தம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளச் சொல்வேன். உடம்பு நன்றாக இருந்து, ஆட்டம் ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஒப்பந்தம் எந்த வயதில் முடிகிறது என்பதை. பிரிட்ஜ் எனப்படும் இரண்டு மூன்று ஆண்டு இடைக்கால ஒப்பந்தம் முடியும்போது நடுவர் உரிமை கையில் வந்திருக்கும். ஐந்தாண்டு என்றால் பலருக்கு நேராகச் சுதந்திரச் சந்தையின் வாசலில் கொண்டுபோய் விடும். டொரொன்டோவின் ஆஸ்டன் மேத்யூஸ் 2019இல் ஐந்தாண்டு மட்டும் கேட்டது அதனால்தான் அவருக்கு அவ்வளவு பலம் தந்தது. நான்கு ஆண்டு, ஆறு ஆண்டு போன்றவற்றை அணி விரும்பிக் கொடுக்கும்போது, முடியும் ஆண்டில் யார் கை ஓங்கியிருக்கும் என்று பிறந்த தேதியை வைத்து எண்ணிப் பாருங்கள். 2026 செப்டம்பரில் தொடங்கும் புதிய கூட்டு ஒப்பந்தத்தில் சொந்த அணியுடன் போடும் அதிகபட்சக் காலம் ஏழு ஆண்டாகக் குறைகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தொகை முடிவானதும் எழுந்து கைகுலுக்கிவிடுகிறார்கள். பணம் எந்த வடிவில் வருகிறது என்பது இன்னும் பாக்கி இருக்கும். 26 வயது நிரம்பாத ஒரு வீரனை ஒப்பந்தத்திலிருந்து கழற்றிவிட்டால் மீதிச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் கொடுத்தால் போதும். 26 நிரம்பியிருந்தால் மூன்றில் இரண்டு. இளையவர்களைக் கழற்றிவிடுவது அத்தனை மலிவு. கையெழுத்துப் போனஸை இந்தக் கழிவு தொடாது. லீக் கதவடைப்பு செய்தாலும் ஜூலை 1இல் அது வந்துசேரும்; 2004-05 பருவம் முழுவதும் ரத்தானதை நினைவில் வைத்திருக்கும் முகவர்கள் இதற்காகத்தான் அடித்துப் பேசுகிறார்கள். வரியையும் பாருங்கள். ஒன்டாரியோவில் உச்ச வரிவிகிதம் 53 சதவீதத்துக்கு மேல். ஃப்ளோரிடாவிலும் டெக்சஸிலும் மாநில வருமான வரியே இல்லை. ஜான் டவரேஸ் 2018இல் டொரொன்டோவில் வாங்கிய போனஸுக்கு என்ன வரி என்பதில் கனடிய வருவாய்த் துறையுடன் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஆகவே வரிக் கணக்காளரைக் கையெழுத்துக்கு முன்பே அழைத்துவிடுங்கள். இதற்கு மேல் எஸ்க்ரோ பிடித்தம். லீகின் வருவாயை உரிமையாளர்களும் வீரர்களும் பாதிப் பாதியாகப் பிரிக்க வேண்டும் என்பதற்காகச் சம்பளத்தில் ஒரு பகுதியை ஒதுக்கிவைப்பார்கள். 2020-21இல் அது 20 சதவீதம் வரை போனது. முதல் சம்பளச் சீட்டைப் பார்த்துத் திடுக்கிட்டு என்னை அழைத்த பையன்கள் உண்டு.

பணத்தை விடவும் நான் அதிகம் கவலைப்படுவது ஆட்ட நேரத்தைப் பற்றி. டிலன் ஹாலோவே எட்மன்டனில் 2023-24இல் 38 ஆட்டத்தில் ஒன்பது புள்ளி எடுத்தார். பெரிய நட்சத்திரங்கள் நிறைந்த அணியில் அவருக்கு மேல் வரிசையில் இடம் இல்லை. 2024 ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ் இரண்டாண்டு ஆஃபர் ஷீட் அனுப்பியது, ஆண்டுக்கு 2.29 மில்லியன். எட்மன்டன் ஈடாக ஒரு மூன்றாம் சுற்று டிராஃப்ட் தேர்வை வாங்கிக்கொண்டு விட்டுவிட்டது. அடுத்த பருவம் ஹாலோவே 26 கோலோடு 63 புள்ளி எடுத்தார். ஒரே வீரர்தான், அதே கால்கள், அதே கைகள். ஆடக் கிடைத்த நிமிடங்கள் மட்டும் வேறு. ஃபார்வர்டுக்கு நிமிடம் கிடைத்தால்தான் புள்ளி வரும், புள்ளி வந்தால்தான் என் தாளில் அவன் பெயருக்குக் கீழே நல்ல பெயர்கள் வரும். அரை மில்லியனை விட்டுக்கொடுத்தாவது இரண்டாம் வரிசையில் இடம் கிடைக்கும் அணியில் இருக்கச் சொல்லி நான் வாதாடியிருக்கிறேன். இனியும் வாதாடுவேன்.

ஸ்கார்பரோவிலும் மார்க்கமிலும் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பிள்ளையின் பையைத் தூக்கிக்கொண்டு ரிங்குக்குள் நுழையும் தமிழ்ப் பெற்றோரை இப்போது அதிகம் பார்க்கிறேன். பதினைந்து வயதிலேயே குடும்ப ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் அணுகுவார்கள். அவசரப்பட்டு எதிலும் கையெழுத்திடாதீர்கள். என்எச்எல்லில் பேரம் பேச வீரர் சங்கத்தின் சான்று பெற்ற முகவராக இருக்க வேண்டும். அந்தப் பெயர்ப் பட்டியல் சங்கத்திடம் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். எத்தனை சதவீதம் எடுப்பார், போனஸிலும் எடுப்பாரா, உங்கள் பிள்ளையின் கோப்பை அலுவலகத்தில் யார் பார்ப்பார் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் பிள்ளையை ஒப்படைக்க வேண்டாம்.