எக்சிமாவும் சாப்பாடும்: எதை நிறுத்தலாம், எதை நிறுத்தக் கூடாது?

கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் சொரிந்து சொரிந்து தடித்துப்போன தோலுக்கு நம்ம பெரியவங்க ‘கரப்பான்’னு பேர் வச்சிருக்காங்க. கிளினிக்கில் எக்சிமா என்பார்கள். கரப்பான் வந்தால் கூடவே ஒரு பட்டியலும் வரும்: கருவாடு, கத்தரிக்காய், இறால், கடலை, சோளம். இதெல்லாம் ‘கரப்பான் பண்டம்’, தொடவே கூடாது. மலாய்க்கார அண்டை வீட்டில் இதையே ‘பந்தாங்’ என்பார்கள்.

எனக்கும் சின்ன வயசிலிருந்து எக்சிமா இருக்கு. அதனால் பட்டியல் மனப்பாடம். ஆனால் ஒரே பட்டியல் எல்லாருக்கும் பொருந்துமா? இந்த மாதப் பாடத்தில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

1. தோலில் என்ன நடக்கிறது?

தோலின் மேலடுக்கை ஒரு செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். செல்கள் செங்கல், அவற்றுக்கு இடையே உள்ள கொழுப்பு சிமெண்டு. எக்சிமா உள்ளவர்களுக்கு இந்தச் சுவரில் விரிசல் இருக்கும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போய்விடும். வெளியே இருக்கும் தூசு, சோப்பு, கிருமி எல்லாம் உள்ளே புகும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதைப் பார்த்து அளவுக்கு மீறிக் கொந்தளிக்கும். அதுதான் சிவப்பு, அதுதான் அரிப்பு.

ஃபிலாக்ரின் என்ற புரதம் இந்தச் சுவரைக் கட்ட உதவுகிறது. அதன் மரபணுவில் குறை இருந்தால் எக்சிமா வரும் வாய்ப்பு அதிகம் என்று 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். எக்சிமா உள்ள எல்லாருக்கும் இந்தக் குறை இருக்காது. ஆனாலும் அடிப்படை ஒன்றுதான்: சுவர் பலவீனம். வெயில், வியர்வை, தூசுப்பூச்சி, பரீட்சை நேரத்து மன அழுத்தம் எல்லாம் அரிப்பைத் தூண்டும். சிலருக்கு மட்டும் சாப்பாடும் தூண்டும்.

2. சாப்பாட்டால் எக்சிமாவா, எக்சிமாவால் ஒவ்வாமையா?

சாப்பாட்டு ஒவ்வாமையால்தான் தோல் கெடுகிறது என்று நினைக்கிறோம். பல நேரங்களில் கதை தலைகீழ். உணவுத் துகள்கள் வாய் வழியாகப் போனால் உடம்பு அவற்றைப் பழகிக்கொள்ளும். விரிசல் விட்ட தோல் வழியாகப் போனால் எதிரியாக நினைத்துவிடும். இது லண்டனைச் சேர்ந்த டாக்டர் கிடியன் லாக் முன்வைத்த கருத்து.

அவர் குழு எக்சிமா கடுமையாக இருந்த அல்லது முட்டை ஒவ்வாமை இருந்த 640 கைக்குழந்தைகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு 4 முதல் 11 மாதத்துக்குள்ளேயே நிலக்கடலை உணவைக் கொடுக்கத் தொடங்கினார்கள். இன்னொரு பிரிவுக்கு ஐந்து வயசு வரை கொடுக்கவே இல்லை. 2015இல் முடிவு வெளியானது: சாப்பிட்ட பிரிவில் கடலை ஒவ்வாமை ஏறக்குறைய 80 விழுக்காடு குறைவு!

அதனால், ‘குழந்தைக்குக் கரப்பான் இருக்கு, கடலையே காட்டாதே’ என்று வருஷக்கணக்கில் ஒதுக்கினால் அதுவே ஒவ்வாமைக்கு வழிவிடலாம். உங்க அக்கா, அண்ணி வீட்டில் எக்சிமா உள்ள கைக்குழந்தை இருந்தால் இதைக் கட்டாயம் சொல்லுங்க. எப்போது, எப்படித் தொடங்குவது என்று முதலில் மருத்துவரிடம் கேட்கணும். முழுக்கடலை கொடுக்கக் கூடாது, தொண்டையில் சிக்கும். புண்ணான தோலில் கடலை மாவு, பால் ஆடை தேய்ப்பதையும் விட்டுவிடலாம்.

3. உங்களுக்குச் சாப்பாடு ஒரு காரணமா?

இரண்டு வகை உண்டு. முதல் வகை உடனடியாக வரும்: சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி. மூச்சுத் திணறினால் காத்திருக்காமல் 999ஐ அழையுங்கள். இந்த வகை இருப்பவர்கள் வீட்டில் எந்தச் சோதனையும் செய்யக் கூடாது.

இரண்டாவது வகை மெதுவாக வரும். சாப்பிட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ எக்சிமா கூடும். இதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். பால், முட்டை, கோதுமை, சோயா, கடலை, மீன், இறால் ஆகியவைதான் வழக்கமான சந்தேக நபர்கள். ரத்தப் பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ வந்தாலே ஒவ்வாமை என்று முடிவு கட்ட முடியாது. அந்த உணவைப் பிரச்சினை இல்லாமல் சாப்பிடுகிறவர்களுக்கும் அப்படி வரும்.

4. சோதிக்கும் முறை

பொறியியல் வகுப்பில் முதலில் சொல்லித்தரும் பாடம்: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாறியை மாற்று. இங்கேயும் அதேதான்.

• முதல் இரண்டு வாரம் எதையும் நிறுத்தாமல் குறிப்பு எழுதுங்கள். சாப்பிட்டது, தூக்கம், வியர்வை, அரிப்புக்கு 10க்கு எத்தனை. மாமாக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரேயும் சாப்பிட்ட இரவு அரித்தால் கோதுமை, பால், நள்ளிரவு வரை விழித்தது, எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை.

• களிம்பையும் ஈரப்பதம் காக்கும் கிரீமையும் அப்படியே தொடருங்கள். அவற்றையும் சேர்த்து நிறுத்தினால் எது எதனால் என்று தெரியாது.

• ஒரே உணவில் சந்தேகம் திரும்பத் திரும்ப விழுந்தால், மருத்துவர் அல்லது உணவியல் நிபுணர் துணையோடு அதை மட்டும் 2 முதல் 4 வாரம் நிறுத்துங்கள். லேபிளைப் படியுங்கள்: ‘சூசு’, கசீன், வே மூன்றுமே பால்தான், ‘தெலுர்’ முட்டை, ‘காச்சாங்’ கடலை, ‘கன்டும்’ கோதுமை.

• பிறகு அதே உணவைத் திரும்பச் சேர்த்துப் பார்க்கணும். பலர் விடுவது இந்தப் படியைத்தான். நிறுத்தியபோது குறைந்து, சேர்த்தபோது கூடினால்தான் அது காரணம். எதுவும் மாறவில்லையா? அந்த உணவு நிரபராதி, தட்டுக்குத் திரும்பட்டும். எப்படிச் சேர்ப்பது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். நீண்ட நாள் ஒதுக்கிய உணவைத் திரும்பச் சாப்பிடும்போது சிலருக்கு உடனடி ஒவ்வாமை வரலாம்.

5. விரதமும் பிரசாதமும்

தைப்பூசத்துக்கு 48 நாள் சைவம் இருந்தபோது தோல் நல்லா இருந்ததுன்னு சிலர் சொல்வாங்க. அந்த நாட்களில் இறாலும் முட்டையும் மட்டுமா நிற்கின்றன? நேரத்துக்குத் தூக்கம் வருகிறது, வெளிச்சாப்பாடு குறைகிறது, மனசு அமைதியாகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் எது உதவியது என்பதற்கு அது சான்று ஆகாது.

பால் உண்மையாகவே ஒத்துக்கொள்ளாதவர்கள் பிரசாதத்தை வணங்கி வாங்கி, பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடலாம். பக்தி குறைந்துவிடாது. பாலை நிறுத்தினால் சுண்ணாம்புச் சத்துக்கு வேறு வழி வேணும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. எள், நெத்திலியும் உதவும்.

6. நினைவில் வைக்க வேண்டியது

உணவு மாற்றம் மட்டும் எக்சிமாவைக் குணப்படுத்தாது. குளித்த உடனே, தோல் ஈரமாக இருக்கும்போதே கிரீம் பூசுவதும், மருத்துவர் தந்த களிம்பைச் சொன்ன அளவில் பயன்படுத்துவதும்தான் சுவரைப் பூசும் வேலை. ஏழெட்டு உணவை ஒரே நேரத்தில் ஒதுக்கி, எடை குறைந்து, கூட்டாளிகளோடு சாப்பிடவே கூச்சப்படும் தம்பி தங்கைகள் நம்மிடையே இருக்காங்க. அவர்களுக்கு இன்னும் ஒரு தடை தேவையில்லை. சரியான விசாரணைதான் தேவை.

திருக்குறளில் ‘மருந்து’ 95ஆவது அதிகாரம். அதில் ஆறு குறள்கள் சாப்பாட்டைப் பற்றியே பேசுகின்றன. உடம்புக்கு ஒத்ததை அளவோடு சாப்பிடச் சொல்லும் வள்ளுவர், நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பிறகே சிகிச்சை என்றும் சொல்கிறார். ஆராய்ச்சிக்கு முன்னாடியே பட்டியல் போடச் சொல்லவில்லை.

கலந்துரையாட:
1. உங்கள் வீட்டில் ‘கரப்பான் பண்டம்’ என்று எவற்றை ஒதுக்குகிறார்கள்? அவற்றில் எதையாவது சோதித்துப் பார்த்ததுண்டா?
2. நம் கிளையின் அன்னதானத்தில் பால், கடலை சேர்ந்த உணவுகளுக்குப் பெயர் அட்டை வைக்க என்ன செய்யலாம்?