சுற்றத்தார் அவை

இளமையிற் பிழை நேர்தல் இயல்பு. அதனைத் திருத்த வல்லது நீதிமன்ற மேற்பார்வையோ, சுற்றமோ? நியூசிலாந்து நாடு இவ்வினாவிற்குக் கண்ட விடையை ஈண்டு அறிவோம்.

அந்நாட்டின் தொல்குடியினர் மாவோரி மக்கள். ஒருவர் செய்த குற்றம் சுற்றத்தார் அனைவரையும் சாரும் என்பது அவர்தம் கொள்கை. ஆயினும், பழைய சட்டம் அவர்தம் சிறார் பலரைக் குடும்பத்தினின்று பிரித்து விடுதிகளில் வைத்தது. சுற்றத்தார் மனம் நொந்து முறையிட்டனர். 1989ஆம் ஆண்டில் புதிய சட்டம் பிறந்தது.

அதன்படி, பிழைபுரிந்த இளையவர், பெற்றோர், உற்றார், காவலர் ஆகியோர் ஓரிடத்தில் கூடுவர். இழப்புற்றவரும் விரும்பின் வந்து, தாம் பட்ட துன்பத்தை இளையவர் முகம் நோக்கி உரைப்பர். பின்னர்க் குடும்பத்தார் தனித்திருந்து பரிகாரம் ஆராய்வர். மன்னிப்பு வேண்டுதல், இழப்பை ஈடுசெய்தல், ஊர்ப்பணி ஆற்றுதல் முதலியன அவர்கள் கூறும் வழிகளாம். யாவரும் உடன்படின், வழக்குகள் பல நீதிமன்றம் ஏறாமலே தீரும். கொலை போன்ற கொடுங்குற்றங்கள் இம்முறைக்கு உட்படா.

இஃது எளிய தண்டனை என்று எண்ணற்க. நீதிபதியின்முன் நிற்பதினும், தம்மால் துன்புற்றவர்முன் நிற்றல் அரிது. ஆயினும், அவை கலைந்தபின் அவ்விளையவரை வீட்டிற்கு அழைத்துச் செல்லத் தாயும் மாமனும் அருகில் இருப்பர். மேற்பார்வைக்குக் காலவரையறை உண்டு; சுற்றத்திற்கு அஃது இல்லை.