பகிஷ்காரம் பலிக்குமா? தகுமா?



சென்ற ஞாயிறு பூசை முடிந்தபின் வாலிபர் ஒருவர் தமது கைப்பேசியைக் காட்டி, "சாமி, இந்தக் கம்பெனிச் சாமானை இனி யாரும் வாங்கக் கூடாதென்று போட்டிருக்கிறார்கள். வாங்கினால் பாவமா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற மளிகைக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "நாலு பேர் வாங்காவிட்டால் மலை சரிந்துவிடுமா, தம்பி?" என்றார். ஒருவர் கேட்டது தகுமா என்பது. மற்றவர் கேட்டது பலிக்குமா என்பது. இவ்விரண்டையும் இவ்வாரம் படிப்போம்.

பெயர் வந்த கதை

பகிஷ்காரத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'பாய்காட்' என்னும் சொல் உண்மையில் ஒரு மனிதரின் பெயர். 1880-ம் ஆண்டில் அயர்லாந்து தேசத்து மேயோ ஜில்லாவில் கேப்டன் பாய்காட் என்பவர் ஒரு பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தராயிருந்தார். விளைச்சல் குன்றிய காலத்தில், கேட்ட அளவுக்குக் குத்தகையைக் குறைக்காமல், குடியானவர்களை வெளியேற்ற முற்பட்டார். ஊரார் அவர்மேல் கை வைக்கவில்லை. அவருக்கு வேலை செய்வதையும் பண்டம் விற்பதையும் நிறுத்தினார்கள், அவ்வளவுதான். அவர் வயலை அறுக்க வெளியூரிலிருந்து சுமார் 50 ஆட்களும், அவர்களுக்குக் காவலாகச் சுமார் 1,000 படைவீரரும் வரவேண்டியதாயிற்று. காவலுக்கான செலவோ விளைச்சலின் மதிப்பைப்போல் பல மடங்கு. அவ்வாண்டு முடியுமுன் அவர் ஊரைவிட்டே போய்விட்டார். இந்தச் செய்கைக்கு என்ன பெயரிடலாம் என்றபோது, படியாத குடியானவன் வாயிலும் நுழையட்டுமென்று அவர் பெயரையே சொன்னவர் அவ்வூர்ப் பங்குக் குரு ஜான் ஓமாலி சுவாமி என்பது வரலாறு.

ஆனால் எட்டு வருஷம் கழித்து, 1888-ல், பாப்பரசர் 13-ம் சிங்கராயர் காலத்தில், உரோமாபுரியானது அயர்லாந்தில் நடந்த பகிஷ்காரத்தை நீதிக்கும் பிறர்சிநேகத்துக்கும் விரோதமென்று கண்டித்தது. பயமுறுத்தலும் பலவந்தமும் அதோடு சேர்ந்துகொண்டன. வெளியேற்றப்பட்டவன் விட்டுப்போன நிலத்தை எடுத்தவனும் ஊருக்கு ஆகாதவனானான். பின்னர் 2009-ல் பாப்பரசர் 16-ம் ஆசீர்வாதப்பர், பொருள் வாங்குவது வெறும் பணக் காரியமல்ல, எப்போதும் நன்மை தின்மையைச் சார்ந்த செய்கை என்று போதித்தார். 2015-ல் பிரான்சிஸ் பாப்பரசர், சில சரக்குகளை மக்கள் வாங்க மறுப்பதால் கம்பெனிகள் தங்கள் வழியைத் திருத்திக்கொள்வதை ஏற்றுச் சொன்னார். இதில் முரண்பாடு இல்லை. அரிவாள் ஒன்றே, கதிரை அறுக்கிறதா, கழுத்தை அறுக்கிறதா என்பதே கேள்வி.

பலித்த ஒன்று, தேய்ந்த ஒன்று

அமெரிக்காவில் கலிபோர்னியா நாட்டுத் திராட்சைத் தோட்டக் கூலியாட்கள் 1965 செப்டம்பரில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். பிலிப்பைன்ஸ் தொழிலாளர் முதலில் இறங்க, கத்தோலிக்கரான சேசார் சாவேஸ் தலைமையில் இருந்தவர்கள் சில நாளில் சேர்ந்தார்கள். தோட்ட முதலாளிகள் வேறு ஆட்களைக் கொண்டுவந்து வேலையை நடத்தவே, "எங்களோடு ஒப்பந்தம் செய்யும்வரை திராட்சை வாங்காதீர்கள்" என்று நாடெங்கும் குடும்பங்களைக் கேட்டுக்கொண்டார்கள். 1968-ல் தம்மவர் சிலர் பலாத்காரத்தை நாடியபோது, சாவேஸ் 25 நாள் உபவாசமிருந்து அவர்களைத் தடுத்தார். மேற்றிராணிமாரின் குழு ஒன்று நடுநின்று சமாதானம் பேசியது. 1970 ஜூலையில் பெரிய தோட்டக்காரர்கள் கையெழுத்திட்டார்கள். ஐந்து வருஷம் பிடித்தது.

நம் நாட்டில் 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக் கிளர்ச்சி எழுந்தபோது அந்நியக் குளிர்பானங்கள்மேலும் கோபம் திரும்பியது. தமிழக வணிகர் அமைப்புகள் மார்ச் 1 முதல் பெப்சி, கோக்க கோலா விற்பதில்லை என்று அறிவித்தன. பல சிறு கடைகளில் அவை மறைந்தன. 1916-ல் பிறந்த காளிமார்க்கின் பொவண்டோவை மக்கள் தேடிக் கேட்டார்கள். ஆயினும் பெரிய அங்காடிகள் பலவும் சினிமாக் கொட்டகைகளும் விற்பனையை விடவில்லை. தாமிரபரணித் தண்ணீரைக் குளிர்பான ஆலைகளுக்குத் தருவதை எதிர்த்த மனுக்களையோ மார்ச் 2 அன்று மதுரை உயர் நீதிமன்றக் கிளை தள்ளிவிட்டது. நாளடைவில் அப்புட்டிகள் கடைகளுக்குத் திரும்பின. சுதேசிப் பானத்துக்குச் சிறிது வாழ்வு கிடைத்தது. ஆனால் கம்பெனிகள் எதையும் மாற்றிக்கொண்டதாகக் காணோம்.

வித்தியாசம் எங்கே? திராட்சைக் கூலியாட்கள் கேட்டது ஒன்றே ஒன்று: ஒப்பந்தம். அது கிடைத்த நாளில் பகிஷ்காரம் முடிந்தது. இங்கோ தண்ணீர், உடல்நலம், அந்நிய முதலீடு, மாடு எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டன. கம்பெனிக்காரர் திருந்த நினைத்தாலும் எதைச் செய்தால் போதும் என்று சொல்வார் இல்லை. கோபம் தொடங்கிவைக்கும், முடித்துவைக்காது.

ஐந்து கேள்விகள்

ஆகையால் "வாங்காதே" என்ற செய்தி வரும்போது இவற்றைக் கேளுங்கள்:

1. குற்றம் மெய்தானா? விசாரியாமல் பிறருக்கு அனுப்புவது எட்டாம் கற்பனைக்கு விரோதமான பாவமாகலாம்.

2. கேட்பவர் யார்? அநியாயத்தை அனுபவிக்கிறவர்களா, போட்டிக் கம்பெனியா, ஓட்டுத் தேடுகிறவர்களா?

3. கேட்பது தெளிவானதா, அவர்களால் செய்யக்கூடியதா?

4. நம்மால் நிலைக்க முடியுமா? 1906-ல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது, வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் பயணிகளை இழுத்தது. மலிவைக் கண்டு மனம் மாறுகிறவன் பகிஷ்காரம் செய்ய இயலாது.

5. அடி யார் தலையில் விழும்? வடநாட்டார் நாளைக்குச் சேலத்து ஜவ்வரிசி வேண்டாமென்றால், முதலில் பட்டினி கிடப்பவன் ஆலை முதலாளி அல்லன். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் கூலியாள். திண்டுக்கல் பக்கத்துத் தையல் ஆலைப் பெண்கள் இதை அறிந்திருந்தார்கள். 2021-ல் தங்களில் ஒருத்தி கொல்லப்பட்டபின், துணி வாங்கும் அந்நியக் கம்பெனிகள் விட்டு ஓடாமல் நின்று திருத்த வேண்டுமென்று அவர்களுடைய சங்கம் போராடியது. 2022 ஏப்ரலில் ஒப்பந்தம் ஏற்பட்டது. பெண்களைத் துன்புறுத்துவதை ஆலை தடுக்காவிட்டால் வியாபாரம் குறையும் என்பதே அதன் பிடி.

நம்மூர் பகிஷ்காரம்

இன்னொன்றும் சொல்லாமல் விட்டால் நான் குருவாயிருந்து பயனில்லை. இந்த ஆயுதத்தை நாம் அயர்லாந்திலிருந்து கற்கவில்லை. ஊர் விலக்கு என்ற பெயரில் அது நம் கிராமங்களில் நெடுங்காலமாய் இருக்கிறது. கூலி உயர்த்திக் கேட்ட ஏழைச் சாதிக் குடும்பத்துக்கு வேலையில்லை, மளிகையில்லை, தண்ணீரில்லை என்பார்கள். இப்படித் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர்மேல் சமூக, பொருளாதாரப் பகிஷ்காரம் செய்வது 2015-ல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். சட்டம் வருமுன்னும் அது பாவமே. இன்ன மதத்தான் கடையில் வாங்காதே என்பதும் அவ்வகையே. செய்த அநியாயத்துக்காக ஒரு கம்பெனியை விலக்கலாம். பிறந்த பிறப்புக்காக ஒரு மனிதனை விலக்கலாகாது. பலவான்மேல் எளியவர் கூடிப் பிடிப்பது நியாயம் கேட்டல். எளியவன்மேல் ஊர் கூடிப் பிடிப்பது கொடுமை.

எனவே வாலிபருக்கு என் விடை: வெறும் செய்தியை நம்பாமல் வாங்கினால் பாவமில்லை, மெய்யென்று அறிந்தபின் அநியாயத்தை லட்சியம் செய்யாதிருப்பது குற்றமாகலாம். கடைக்காரருக்கு என் விடை: நாலு பேரால் மலை சரியாது; நாலு பேர் ஒரே இடத்தில், ஒரே காரணத்துக்காக, ஐந்து வருஷம் தோண்டினால் சரிந்திருக்கிறது. வயல் அறுத்தவனுக்கு மறுக்கப்பட்ட கூலியின் கூக்குரல் சர்வேசுரனின் செவிக்கு எட்டுகிறதென்று அர்ச். யாகப்பர் எழுதினார். அது நம் செவிக்கும் எட்டுவதாக.

குடும்ப செபத்துக்குப்பின் பேச:
1. நம் வீட்டில் வேலை செய்பவருக்கு நியாயமான கூலி தருகிறோமா?
2. நம் ஊரில் யாரையாவது விலக்கி வைத்திருக்கிறோமா?
3. மெய்யா பொய்யா என்று பாராமல் நாம் அனுப்பிய செய்தி எது?

உங்கள் ஆத்தும நன்மையை நாடும்,
பங்குக் குரு
அயோத்தியாப்பட்டணம்